பாஸாகிப் போனவங்க

தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி, ஜன்னலோரத்துல உக்காந்திருக்குறது உங்க மகதானே? மூக்கைப் பாத்தாலே தெரியுது. பாப்பாவுக்கு எது போச்சு? கணக்கா, சயின்ஸா?

கோவிச்சுக்கிடாதீங்க. நான் ஜோசியக்காரன் இல்லை. இன்னைக்குப் பத்தாவது ரிசல்ட்டு. பாஸான பிள்ளை பஸ்ல ஏறினா கையில போனை வச்சுக்கிட்டு அத்தைக்கும் சித்திக்கும் பேசிக்கிட்டே வரும். ஃபெயிலான பிள்ளை நேரா மூணு பேர் சீட்டுக்குப் போயி, ஜன்னலோரமா ஒடுங்கி, துப்பட்டாவைத் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டு வெளிய பாக்கும். வெளிய என்ன இருக்கு? சாத்தூர் தாண்டினா ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதை ஒரு பிள்ளை இவ்வளவு நேரம் வேடிக்கை பாக்குமா? முன்னாடி அத்தனை சீட்டு காலியா கிடக்க, நான் ஏன் உங்க பக்கத்துல வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்தேன்னு நினைச்சீங்க?

கணக்கா? அப்பச் சரி. கணக்குன்னா கவலையே இல்லை. என் காலேஜுல பாதிப்பேர் கணக்குல போனவங்கதான்.

இந்தாங்க நோட்டீசு. சும்மா படிச்சுப் பாருங்க. மறுவாசல் சமுதாயக் கல்லூரி, பெருமாள்குளம் விலக்கு, இந்த ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியுற இடம். போட்டோவுல பொன்னாடையோட நிக்குறது நான்தான். பேரு பால்வண்ணன். டைரக்டர். டைரக்டர்னதும் சினிமான்னு நினைச்சுராதீங்க, இந்தக் காலேஜை ஆரம்பிச்சு நடத்துறவன்.

சமுதாயக் கல்லூரின்னா கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? நல்லதாப் போச்சு, நானே சொல்லிடுறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட பிள்ளைங்க, பத்தாவதுல போனவங்க, பன்னெண்டாவதுல போனவங்க, இவங்களுக்குன்னே உள்ள காலேஜு. ஒரு வருஷம். தையல், கம்ப்யூட்டர், ஆஸ்பத்திரியில நோயாளியைப் பாத்துக்கிடுற வேலை, இதுல ஏதாவது ஒண்ணு. அதோட நாலு பேர் முன்னாடி எப்படி நிக்கணும், எப்படிப் பேசணும், அதுக்கும் கிளாஸ் உண்டு. கடைசியில ரெண்டு மாசம் ஒரு இடத்துல கொண்டுபோய் வேலைக்கு நிப்பாட்டிப் பழக்கி, டிப்ளமோ சர்டிபிகேட் குடுத்து அனுப்புவோம். திறந்தநிலைப் பல்கலைக்கழக அங்கீகாரம். எல்லாம் முறைப்படி.

முறைப்படின்னு சொன்னேன் பாத்தீங்களா, அங்கதான் இப்பக் கழுத்துல கத்தி. குறைஞ்சது இருபது பேர் சேரலைன்னா இந்த வருஷத்தோட அங்கீகாரம் போயிரும். இதுவரைக்கும் மூணு பேர் வந்திருக்காங்க. அதுல ஒண்ணு என் சித்தப்பா பேத்தி, வீட்டுல சும்மா இருக்கியேன்னு நானே பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அதனாலதான் ரிசல்ட் வந்த அன்னைக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். பாப்பாவைச் சேத்தீங்கன்னா ஒண்ணு கூடும். நான் மறைச்சுப் பேசுற ஆளு இல்லை அண்ணாச்சி. எனக்கு ஆளு வேணும்.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேளுங்க. ஒரு காலத்துல எனக்கு இடம் பத்தாது. வாசல்ல நின்னு, அடுத்த வருஷம் வாம்மான்னு திருப்பி அனுப்பியிருக்கேன்.

அப்ப இங்க நிலைமை என்ன, உங்களுக்குத் தெரியாததா? பத்தாவதுல ஒரு பிள்ளை போச்சுன்னா மறுநாளே தீப்பெட்டி ஆபீசு வேன் வந்து வாசல்ல நிக்கும். இல்லைன்னா தாய்மாமன் வந்து நிப்பான். நான் போயி மூணாவது ஆளா நிப்பேன். திட்டுவாங்க. நாயை அவுத்து விட்ட வீடும் உண்டு. ஒரு வீட்டுல அப்பன்காரன் அரிவாளை எடுத்துட்டான், காலேஜுக்குக் கூப்பிட வந்தியா, கூட்டிட்டு ஓட வந்தியான்னு. நான் நகரலை. அந்தப் பிள்ளை இப்ப மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில இருக்கு. அரிவாளை எடுத்த அதே ஆளுக்கு மூத்திரப்பை மாட்டி விட்டது அந்தப் பிள்ளைதான். அப்ப எந்த அரசாங்கம் வந்துச்சு? எந்த ஸ்கீம் வந்துச்சு? நான் தானே போனேன்?

வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. பின்னாடி அரசாங்கமும் வந்துச்சு. மெட்ராஸ்ல மீட்டிங் போட்டுக் கூப்பிட்டாங்க. ஏசி ஹாலு, எனக்குக் குளிர் தாங்கலை. ஒரு பெரிய அதிகாரி மைக்ல சொன்னாரு, இடைநின்ற பிள்ளைகளுக்குச் சமுதாயக் கல்லூரிதான் வழி, நீங்கதான் எங்க முன்னோடின்னு. நான் முன்வரிசையில உக்காந்திருந்தேன். முன்னோடின்னு சொல்லும்போது என்னைப் பாத்துத்தான் சொன்னாரு. அந்த வார்த்தையை நான் வீட்டுக்குப் போயி என் வீட்டம்மாகிட்டச் சொன்னேன். அவ கீரை ஆஞ்சுக்கிட்டே, சாப்பாடு நல்லா போட்டாங்களான்னு கேட்டா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

அப்புறம் அதே அரசாங்கம் என்ன செஞ்சுச்சு? பிள்ளைங்க இடைநிக்கவே கூடாதுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஃபெயிலான பிள்ளையைத் தேடி வாத்தியார்களே வீடு வீடா வாராங்க. உடனே துணைத்தேர்வு. பக்கத்துலயே கவர்மென்ட் காலேஜு. பொம்பளப் பிள்ளைக்கு பஸ்ஸு ஓசி. படிக்கிற பிள்ளைக்கு மாசா மாசம் அக்கவுண்டுல பணம் வேற. கேக்க நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லைன்னு எவனாவது சொல்வானா? நான் சொல்லலை. ஆனா எங்களை நம்பவச்சுட்டு, முன்னோடின்னு பேரு வச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம வாசலை அந்தப் பக்கம் திறந்துவிட்டா, நாங்க எங்க போறது? ஒரு பிள்ளையும் ஃபெயிலாகக் கூடாதுன்னு ஒரு அரசாங்கம் முடிவு பண்ணிட்டா, எங்களை மாதிரி ஆளுங்களை யாரு நினைச்சுப் பாக்குறது?

சரி, அரசாங்கத்தை விடுங்க. அது என்ன என் மாமன் மச்சானா? கூட இருக்குறவங்க குத்துறதுதான் தாங்கலை. என் கழுத்தை அறுத்தது யாரு தெரியுமா? என் வீட்டம்மா. தவமணி. ஆமா, என் சொந்த சம்சாரம்.

கண்டக்டர், எனக்கு பெருமாள்குளம் விலக்குல ஒண்ணு. சில்லறை இருக்குப்பா, இந்தா.

அதைச் சொல்லணும்னா முதல்ல எங்க காலேஜுல அறிமுகம்னு ஒண்ணு உண்டு, அதைச் சொல்லணும். யாராவது பெரிய ஆளுங்க வருவாங்க. ரோட்டரிக்காரங்க, யுனிவர்சிட்டிக்காரங்க, எப்பவாவது வெள்ளைக்காரங்க. அவங்க முன்னாடி பிள்ளைங்க ஒவ்வொருத்தரா எழுந்திருச்சு, பேரு, ஊரு, எந்தப் பாடத்துல தோத்தாங்க, இப்ப என்ன கத்துக்கிடுறாங்கன்னு சொல்லணும். "என் பெயர் மாரிக்கனி. நான் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் தோல்வி. இப்போது தையல் பயில்கிறேன்." இப்படி. சுத்தத் தமிழ்ல.

முதல் வருஷம் இதைத் தற்செயலா ஒரு பையன் செஞ்சான். கேட்டுக்கிட்டிருந்த ஒரு ரோட்டரி அம்மா கண்ணீர் விட்டு அழுதாங்க. அடுத்த மாசம் தையல் மிஷின் வந்து இறங்குச்சு. அன்னையில இருந்து நான் அதை விடலை. கல்லு மாதிரி உக்காந்திருக்குற ஆபீசர் கூட மூணாவது பிள்ளை எழுந்திருக்கும்போது கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. புதுசா சேந்த பிள்ளைங்க சொல்லும்போது அழும். நாலஞ்சு தடவை ஆச்சுன்னா அழாது. கண்டக்டர் ஸ்டாப்பு பேரைச் சொல்ற மாதிரி கடகடன்னு சொல்லிட்டு உக்காந்துரும். அதைத்தான் நாங்க தன்னம்பிக்கைன்னு சொல்றது.

அறிமுகம் முடிஞ்சதும் நான் பேசுவேன். தவமணி பின்னாடி சுண்டல் தட்டை வச்சுக்கிட்டு நிப்பா. நான் அவளைக் கைகாட்டிச் சொல்வேன், "என் மனைவியே பத்தாவது ஃபெயில்தான், இங்கிலீஷ்ல. நான் இவளை ஏத்துக்கிடலையா? அது மாதிரி இந்தச் சமுதாயம் இந்தப் பிள்ளைகளை ஏத்துக்கிடணும்." எல்லாரும் கை தட்டிச் சிரிப்பாங்க. அவளும் தட்டோட நின்னு சிரிப்பா. இருபது வருஷமா சிரிச்சவ அண்ணாச்சி. பிடிக்கலைன்னா ஒரு நாளாவது முகத்தைச் சுளிக்கணும்ல? அதுவும் கிடையாது. சிரிச்சுச் சிரிச்சே என்னை ஏமாத்திட்டா.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சேந்த செட்டு நல்ல செட்டு. சுறுசுறுப்பு. கிளாஸ் ஒன்பதரைக்குன்னா ஏழு மணிக்கே பாதிப் பிள்ளைங்க வந்துரும். தையல் ரூம் கதவைச் சாத்திக்கிடும். உள்ள மிஷின் ஓடுற சத்தம் கேக்கும். தவமணிதான் சாவி வச்சிருந்தா. என்னன்னு கேட்டேன். யூனிபார்ம் தைக்குற ஆர்டர் வந்திருக்கு, ஆம்பளைங்க உள்ள வந்தா பிள்ளைங்க கூச்சப்படும்னு சொன்னா. நான் பெருமையா வாரவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், எங்க பிள்ளைங்க விடிஞ்சதும் வேலையை ஆரம்பிச்சுருங்கன்னு. வெளிய நின்னு அந்தச் சத்தத்தைக் கேக்க வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஒரு பேங்க் மேனேஜர் கதவுல காதை வச்சுக் கேட்டுட்டு, அபாரம்னு சொன்னாரு.

ஒருத்தி மட்டும் நூலே கோக்காத மிஷினைச் சும்மா மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கா. முறை போட்டு மிதிச்சிருக்காங்க. மத்தவங்க கீழ உக்காந்து பத்தாவது பாடம் படிச்சிருக்காங்க.

யாரு சொல்லிக்குடுத்தான்னு கேக்குறீங்களா? அதைக் கேளுங்க. வாத்தியாரும் இல்லை, டீச்சரும் இல்லை. தவமணிக்கு என்ன தெரியும், அவளே இங்கிலீஷ் ஃபெயிலு. அந்தப் பிள்ளைங்களேதான். மாரிக்கனிக்கு சமூக அறிவியல் போச்சு, ஆனா கணக்குல பாஸு. முப்புடாதிக்குக் கணக்கு போச்சு, மத்ததெல்லாம் பாஸு. அப்ப மாரிக்கனி முப்புடாதிக்குக் கணக்கு போட்டுக் காட்டணும், முப்புடாதி மாரிக்கனிக்கு வரலாறு சொல்லணும். இப்படியே அத்தனை பேரையும் தவமணி ஜோடி போட்டு விட்டிருக்கா. யாருக்கு எது வராது, யாருக்கு எது வரும்னு இவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் வாராவாரம் வாரவன் போறவன் முன்னாடியெல்லாம் சொல்ல வச்சேனே! ஒரு பிள்ளை கணக்குல தோல்வின்னு சொன்னா, சுண்டல் தட்டோட நிக்குறவ, அப்ப இது சயின்ஸ்ல பாஸுன்னு மனசுல குறிச்சுக்கிட்டு இருந்திருக்கா. என் காலேஜு, என் மிஷின், என் அறிமுகம். எல்லாத்தையும் எனக்கு எதிரா திருப்பிட்டா.

தனித்தேர்வரா பரீட்சைக்குக் கட்டியிருக்காங்க. எனக்கு ஒரு துப்பும் தெரியாது. பங்குனி மாசம் ஒரு நாள் பாதிப்பேர் வரலை. கோயில் பொங்கல்னு தவமணி சொன்னா. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு கும்பல் வரலை. அது வேற கோயில்னு சொன்னா. நம்ம பக்கம் கோயிலுக்கா பஞ்சம்? நம்பிட்டேன்.

அப்புறம் ரிசல்ட்டு. போன வருஷம், இதே மாதிரி ரிசல்ட் நாளு. நான் வழக்கம்போல பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன், ஃபெயிலான பிள்ளைங்களைத் தேடி. வெயில்ல நாக்குத் தள்ளிப் போச்சு. பொழுதடைய வீட்டுக்கு வந்தா, அடுப்படியில பெரிய சட்டியில கேசரி. முந்திரிப்பருப்பு வேற. அவ்வளவு கேசரி எங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பிறகு கிண்டினதில்லை. என்ன விசேஷம்னு கேட்டேன். "சும்மாதான். நீங்க சாப்பிடுங்க"ன்னா. சாப்பிட்டேன். நல்லா இருக்குன்னு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். என் பிள்ளைங்க எல்லாம் மத்தியானம் என் வீட்டுல உக்காந்து, பாஸானதுக்குக் கேசரி தின்னுட்டுப் போயிருக்கு. மிச்சத்தை நான் தின்னிருக்கேன். அண்ணாச்சி, அவ திட்டியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். கேசரியைக் குடுத்துட்டு சும்மாதான்னு சொன்னா பாருங்க.

தண்ணி இருக்கா? குடுங்க. போதும், போதும்.

அதுக்கு அடுத்த வாரம் குழு வந்துச்சு. அரசாங்கம் போட்ட குழு. மாவட்டத்துக்கு ஒரு சமுதாயக் கல்லூரியை எடுத்து மாதிரிக் கல்லூரியா ஆக்குறதுக்கு. எடுத்துட்டாங்கன்னா கட்டடம் உண்டு, நிரந்தரமா வாத்தியார் உண்டு. ஓட்டுக் கொட்டகையில இருபது வருஷம் நடத்தினவனுக்கு அது என்னன்னு உங்களுக்குப் புரியும்ல? என் வாழ்க்கையே அந்த ஒரு மணி நேரத்துலதான் இருந்துச்சு. வாசல்ல வாழைமரம் கட்டினேன். பிள்ளைங்களுக்கு ஒத்திகை பாக்கணும்னு சொன்னேன். "தினம் சொல்றதுதானே சார், தப்பு வராது"ன்னு மாரிக்கனி சொல்லுச்சு. மத்ததெல்லாம் தலையைக் குனிஞ்சு சிரிச்சுதுங்க. சந்தோஷத்துல சிரிக்குதுங்கன்னு நினைச்சேன்.

குழுவுக்குத் தலைவரு ஒரு அம்மா. ரிட்டயர் ஆன புரொபசர். வெள்ளை முடி, கதர்ச் சேலை. நான் வரவேற்புரை முடிச்சு, இப்போ மாணவர் அறிமுகம்னு சொல்லிட்டுக் கைக்குட்டையை எடுத்து வச்சுக்கிட்டேன், அந்த அம்மா அழுதா குடுக்கலாம்னு.

மாரிக்கனி எழுந்திருச்சுது. "என் பெயர் மாரிக்கனி. நான் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் தேர்ச்சி."

பதட்டத்துல மாத்திச் சொல்லுதுன்னு நினைச்சு, தோல்வி, தோல்வின்னு நான் வாயசைச்சேன். அது என்னைப் பாக்கவே இல்லை. அடுத்து முப்புடாதி. கணக்கில் தேர்ச்சி. அதுக்கடுத்தது அறிவியலில் தேர்ச்சி. ஒவ்வொண்ணா எழுந்திருக்குதுங்க. தேர்ச்சி, தேர்ச்சி, தேர்ச்சி. கடகடன்னு சொல்ற பிள்ளைங்க அன்னைக்கு நிறுத்தி நிதானமாச் சொல்லுதுங்க. ஒருத்தி அழுதுட்டா. பழைய அழுகை இல்லை அது, வேற.

எல்லாம் முடிஞ்சுதுன்னு பாத்தா, பின்னாடி சுண்டல் தட்டை பெஞ்சு மேல வச்சுட்டு இவ வந்து வரிசையில நிக்குறா. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு. "என் பெயர் தவமணி. நான் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேர்ச்சி."

பிள்ளைங்க பெஞ்சைத் தட்டுதுங்க. குழுவுல எல்லாரும் எழுந்திருச்சுட்டாங்க. அந்த அம்மா அழுதாங்க. நான் எதிர்பாத்த மாதிரியேதான் அழுதாங்க, ஆனா கைக்குட்டையைக் குடுக்க எனக்குக் கை வரலை. என்கிட்ட வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "ஐயா, இப்படி ஒரு காரியத்தை யாருமே செஞ்சதில்லை. உங்க வேலையை நீங்க முடிச்சுட்டீங்க. இந்தப் பிள்ளைங்க எல்லாம் இனி பிரதான நீரோட்டத்துல சேரட்டும்"னாங்க. பொன்னாடை போத்தினாங்க. அந்த நோட்டீசுல இருக்கு பாருங்க, அது அப்ப எடுத்த போட்டோதான். நான் சிரிக்குற மாதிரி இருக்கும். சிரிப்பு இல்லை அது.

முடிச்சுட்டீங்களாம்! நான் எப்ப முடிச்சேன்? மாதிரிக் கல்லூரி வேற ஊருக்குப் போயிருச்சு. அங்க ஃபெயிலானவங்க இன்னும் இருக்காங்களாம். என் பிள்ளைங்க பாலிடெக்னிக்குக்கும் பதினொண்ணாவதுக்கும் போயிருச்சுங்க. முப்புடாதி போகும்போது கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போச்சு. கும்பிடத் தெரியுது, சொல்லத் தெரியலையே? சார், நாங்க பரீட்சை எழுதப் போறோம்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன புலியா?

அன்னைக்கு வீட்டுல கேட்டேன். "ஏன் என்கிட்ட மறைச்ச?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருப்பேனா? அது வேற விஷயம் அண்ணாச்சி. குழு வந்துட்டுப் போற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் அடுத்த குழு வரைக்கும்… அது வேற விஷயம்னு சொல்றேன்ல. கேட்டிருக்கணுமா இல்லையா, அதுதான் பேச்சு.

"இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன குறை வச்சேன்?"ன்னு கேட்டேன்.

"ஒரு குறையும் வைக்கலை. கூட்டிட்டு வந்தீங்க, கத்துக்குடுத்தீங்க. ஆனா யாராவது வந்துட்டா, திரும்பத் திரும்பத் தோக்க வச்சீங்க."

"அப்ப நீ? நீ எதுக்கு எழுதின? உனக்கு என்ன வேலைக்கா போகணும்?"

அதுக்கு அவ சொன்னா பாருங்க. "இருபது வருஷமா உங்க மேடையில நான் ஃபெயிலு. இறக்கி விடுங்கன்னு கேட்டா, ஜோக்குதானே புள்ளன்னு சொல்வீங்க. அதான் நானே இறங்கிட்டேன்." சொல்லிட்டு எனக்கு ரசம் ஊத்துறா.

ஜோக்குன்னா ஜோக்குதானே? நான் அவளைக் கேவலப்படுத்தணும்னா சொன்னேன்? ஏத்துக்கிட்டேன்னுதானே சொன்னேன்! ஏத்துக்கிட்டேன்னு சொல்றதுல என்ன தப்பு?

அன்னையில இருந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுறது இல்லை. ஒரே வீடு. ஒரே அடுப்பு. இப்ப அவ பிளஸ் டூவுக்குப் பிரைவேட்டா கட்டியிருக்கா. அதோட நிக்கலை. ஊர்ச் சமுதாயக்கூடத்துல சாயங்காலம் பாயை விரிச்சு, சுத்துப்பட்டுல ஃபெயிலான பிள்ளைங்களை எல்லாம் கூப்பிட்டு வச்சு, அதே மாதிரி ஜோடி போட்டு விடுறா. நான் காலையில போயி ஒரு பிள்ளையைப் பேசிச் சரிக்கட்டிட்டு வந்தா, சாயங்காலம் அது அவ பாயில உக்காந்திருக்கு. எனக்கு ஆளு எங்க இருந்து வரும்? சொந்த வீட்டுக்குள்ளயே போட்டிக் கடை வச்ச மாதிரி. ஊர்ல என் காலேஜுக்கு என்ன பேரு தெரியுமா? ஃபெயிலானவங்க காலேஜு. அவ பாய்க்கு அப்படி ஒரு பேரும் கிடையாது.

அதனாலதான் இவ்வளவு தூரம் தள்ளி வந்து பஸ் ஏறுறேன். நம்ம ஊரு பேச்சு எட்டாத இடத்துல ஆளு பிடிச்சாத்தான் உண்டு. உங்களைப் பாத்ததும் மனசுல ஒரு நம்பிக்கை வந்துச்சு. பாப்பாவை அனுப்புங்க. தங்குறதுக்கு ஏற்பாடு பண்ணித்தாரேன். வெளிய எங்கயும் ஒரு வருஷத்துல டிப்ளமோ குடுக்க மாட்டான். கணக்கு வரலைன்னா விட்டுத் தொலைங்க, எத்தனை பேரு கணக்கு இல்லாம நல்லா இருக்காங்க! நீங்க என்ன சொல்றீங்க? யோசிங்க. விலக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.

என்ன பாப்பா? எங்கிட்டயா கேக்குற? சத்தமாக் கேளும்மா, பஸ் இரைச்சல்ல காதுல விழலை.

யாரு நம்பரு?

அண்ணாச்சி, கேட்டீங்களா உங்க மக கேட்டதை? சாத்தூர்ல இருந்து தொண்டை வத்த நான் பேசிக்கிட்டு வாரேன். என் காலேஜைப் பத்தி ஒரு கேள்வி கேக்கலை. ஃபீஸு எவ்வளவுன்னு கேக்கலை. என்னை முடிச்சுக் கட்டினவ போன் நம்பரைக் கேக்குது. நீங்க எதுக்கு இப்பச் சிரிக்கிறீங்க? நியாயமா இது? சரி, சிரிங்க. எனக்குப் பழக்கம்தான்.

இல்லம்மா, நீ ஏன் முகத்தை அப்படி வச்சுக்கிடுற? உன் மேல கோவம் இல்லை. கணக்கு மட்டும்தான் போச்சா? சயின்ஸ்ல நீதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டா? அதை ஏன் எங்கிட்டச் சொல்ற? அவகிட்டச் சொல்லு. அதையெல்லாம் கேக்குறவ அவதான்.

எழுதிக்கோ. இந்தா பேனா. நோட்டீசுக்குப் பின்பக்கம் வெறும் தாளுதான், அதுல எழுது. சொல்லட்டுமா? எழுதிட்டியா? திருப்பிச் சொல்லு பாப்போம். சரி.

யாரு குடுத்தான்னு கேட்டா பஸ்ல ஒரு ஆளுன்னு சொல்லு, என் பேரைச் சொல்லாத. சாயங்காலத்துல பேசு. விடியக்காலையில மட்டும் பண்ணிராதம்மா. அந்நேரம் அவ படிச்சுக்கிட்டு இருப்பா. நானே டீயைச் சத்தம் வராமத்தான் ஆத்தி வச்சுட்டு வருவேன்.